கழுத்துக்குக் கீழே

செங்கல்பட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில், அந்த ஐந்தாறு வருடங்களில் காலமான ஆண்கள் எல்லோருக்கும் ஒரே உடம்புதான். சந்தேகம் இருந்தால் எந்த வீட்டிலாவது நுழைந்து மாலை போட்ட படத்தைப் பாருங்கள். ரிட்டையர்டு தாசில்தாரோ பழக்கடைக்காரரோ, முகம் மட்டும்தான் வேறு. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, லேசாகச் சரிந்த இடது தோள். அந்த உடம்பு 'கழுத்தறுப்பு' அண்ணாத்தயுடையது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு மாடியில் நான் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்த காலம் அது. பக்கத்து அறையில் அவர் கம்ப்யூட்டரில் போட்டோக்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். அந்தப் பெயருக்கு இரண்டு காரணம். தொழில், கல்யாண குரூப் போட்டோவிலிருந்தும் பஸ் பாஸிலிருந்தும் இறந்தவர் தலையைக் கழுத்தோடு வெட்டி எடுப்பது. குணம், வந்தவரைப் பேசியே கொல்வது.

"தலைய மட்டும் குடுங்க. கழுத்துக்குக் கீழ நம்மகிட்ட ரெடியா கீது" என்பார். ஆனால் கொடுத்தவரைப் போக விடமாட்டார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்துவிடுவார். "மீசைய முறுக்குவாரா, சும்மா வுட்டுடுவாரா? சிரிச்சா பல்லு தெரியுமா? கோவம் வந்தா இன்னா சொல்லித் திட்டுவாரு?"

திட்டுக்கும் போட்டோவுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருமுறை கேட்டேன். "இன்னா வாத்தியாரே, திட்டு தெரியாம புருவத்த எப்டி வெக்கிறது?" என்றார்.

அரை மணி வேலையை நாலு நாள் இழுப்பார். அழுதுகொண்டு வந்தவர்கள் இரண்டாம் நாள் கதை சொல்வார்கள், மூன்றாம் நாள் சிரிப்பார்கள், நாலாம் நாள் படத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் ஸ்டூலை ஓரமாக நகர்த்திவிட்டு என் அறை வாசலில் வந்து நிற்பார். வயது நாற்பத்தொன்று. அப்பா அம்மா இல்லை, கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் பேச்சுக்கு ஆள் கிடையாது. டைப் அடிக்கும் சத்தத்தையாவது கேட்டுக்கொண்டு நிற்பார். எனக்குப் பாவமாகவும் இருக்கும், பாடம் கெடுகிறதே என்று எரிச்சலும் வரும்.

கைவேலையில் மனிதரைக் குறை சொல்ல முடியாது. யோசனைதான் சில சமயம் குறுக்கே ஓடும். ஒரு புதுமணப் பெண், தானும் கணவனும் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் முன்னால் எடுத்துக்கொண்ட படத்தைக் கொண்டுவந்தாள். காற்றில் மணல் அடித்ததில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தான். இவர் அவர்களுடைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, அதே கோணத்தில் இருந்த ஒரு ஜோடிக் கண்ணை எடுத்து ஒட்டினார். அது பெண்ணுடைய அப்பாவின் கண். பெண் படத்தைப் பார்த்ததும் தன்னையறியாமல் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இன்னாங்க இது, எங்க நைனா மாதிரியே மொறைக்கிறாரு?"

இன்னொரு தரம் நெம்மேலியிலிருந்து மீன் விற்கும் அம்மா ஒருவர் வந்து சண்டை பிடித்தார். "எங்காளு ஜென்மத்துல சட்டை போட்டதில்ல. யாருய்யா இந்த ஆபீசரு?" இவர் உடனே சட்டையைக் கழற்றினார், கேமராவை என் கையில் கொடுத்தார், வெறும் மார்போடு சுவரோரம் நின்றார். புதுப் படத்தைப் பார்த்த அந்த அம்மா, "மூஞ்சி அவருதான். ஒடம்பு மட்டும் பட்டினி கெடந்தாப்புல கீதே" என்றார். "அது பட்டினிதாம்மா" என்றார் இவர். எல்லோரும் சிரித்தோம். அவர் சமையல் லட்சணம் தெரிந்த என்னால் முழுசாகச் சிரிக்க முடியவில்லை.

இவருக்கு ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்தே தீருவது என்று கிளம்பியவர் எங்கள் அப்பா. தரகர் போட்டோ கேட்டார். அங்கே பிடித்தது சனி. அண்ணாத்த மூன்று மாதம் தன் முகத்தையே செப்பனிட்டார். வழுக்கை போயிற்று, கண்ணுக்குக் கீழே பை போயிற்று, கடைசியில் படத்திலிருந்து அவரே போய்விட்டார். படத்தைப் பார்த்து மயங்கிய ஒரு பெண் வீட்டார் நேரில் வந்து கதவைத் தட்டினார்கள். திறந்தவரைப் பார்த்து, "மாப்ள இல்லீங்களா? நீங்க அவரு அண்ணனா?" என்றார்கள். "ஆமாங்க, தம்பி வெளிய போயிருக்கான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்பாவுக்கு வந்ததே கோபம். "இனிமே போட்டோவே வேணாம்ப்பா. ஆளையே காட்டுவோம்."

அப்படித்தான் கருங்குழிக்குப் போனோம். பெண் பால்வாடி டீச்சர், முப்பத்தைந்து வயது, தகப்பன் இல்லை. அந்த வாரம் முழுக்க அண்ணாத்தயிடம் பேச்சே குறைந்துவிட்டது. ஒற்றை அடுப்பை மாற்றி இரட்டை அடுப்பு வாங்கியிருப்பதாக என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னார். கிளம்பும் நாளில், இருக்கிற ஒரே நல்ல வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு, பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு வந்தார். அப்பாவும் நானும்தான் மாப்பிள்ளை வீட்டுப் பட்டாளம்.

செருப்பை விட்டு உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். எதிர்ச் சுவரில் பெண்ணின் அப்பா. மாலை, சின்ன பல்பு, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நாலு வருடம் முன்னால் யாரோ சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த தலையாம். எந்த வீடு என்று இவருக்குத் தெரியாது. "அந்த மீசைய நாந்தான் வாத்தியாரே முறுக்கினேன்" என்று என் காதில் முனகினார்.

பேனா இரண்டையும் உருவிப் பேண்ட் பையில் போட்டார். இடது தோளை வலிக்க வலிக்கத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எங்கள் அப்பாவின் துண்டை வாங்கி மார்பில் போர்த்திக்கொண்டார்.

"ஜொரமாங்க?" என்றார் பெண்ணின் அம்மா.

"லேசா."

அந்த அம்மா சுவரைக் காட்டினார். "எங்க வூட்டுக்காரரு. இன்னா கம்பீரமா குந்திகினு கீறாரு பாருங்க." அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது.

பெண் காபி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கக் கை நீட்டியதில் துண்டு நழுவியது, தூக்கிய தோளும் இறங்கியது. அவள் அவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி அவரைப் பார்த்தாள். "ஒரே டைலருங்க..." என்று அப்பா ஆரம்பித்தார். இவர் எழுந்து நின்றுவிட்டார். "பொய் வேணாம் பெரியவரே. அம்மா, அது என் ஒடம்பு. தலை மட்டும்தான் ஐயாவுது."

யாரும் கோபப்படவில்லை. பட்டிருந்தால் தேவலை. அந்தப் பெண் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "உங்க மேல ஒரு கொறையும் இல்லீங்க. ஆனா நாலு வருசமா தெனிக்கும் அப்பான்னு கும்புட்டுட்டுதான் வேலைக்குப் போறேன். அந்தத் தோளப் பாத்துப் பாத்து..." இவர் கைகூப்பினார். காபியை மட்டும் சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வந்தார்.

பஸ்ஸில் பாலாற்றுப் பாலம் வரை ஒரு வார்த்தை இல்லை. அவர் பேச மாட்டாரா என்று நான் ஏங்கியது அன்றைக்குத்தான். பிறகு, "நாலு வருசமா அந்த வூட்ல நமக்கு மாலை வுழுந்துகினு கீது வாத்தியாரே. இன்னொரு மாலைக்கு எடமில்ல" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. அவருடைய இடது தோளில் கையை வைத்தவர், செங்கல்பட்டு வரும்வரை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் அண்ணாத்த தன் உடம்பை யாருக்கும் தரவில்லை. எங்கேயோ ஒரு சிடி வாங்கி வந்து, அதிலிருந்த கோட்டு சூட்டு உடம்புகளைப் போட ஆரம்பித்தார். ஐஸ் வண்டிக்காரர் டை கட்டிக்கொண்டு சொர்க்கத்துக்குப் போனார். கேள்விகள் நின்றன, ஸ்டூல் மூலைக்குப் போயிற்று, படம் அரை மணியில் ரெடி. சீக்கிரம் கிடைக்கிறதே என்று ஊர் மெச்சிக்கொண்டது.

மூன்றாம் வருடம் அப்பா போய்விட்டார். அவருடைய பஸ் பாஸ் போட்டோவோடு பக்கத்து அறைக்குப் போனேன். அண்ணாத்த அதை வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவருக்கு நல்ல கோட்டா போடறேன் வாத்தியாரே."

"கோட்டு வேணாம் அண்ணாத்த. உங்க ஒடம்பப் போடுங்க."

"அது ராசியில்லாத ஒடம்பு."

"எங்கப்பா கை வெச்ச தோளு அது. அதான் வேணும்."

அவர் மூலையிலிருந்த ஸ்டூலை எடுத்து, தூசியைத் துடைத்து, என் பக்கம் போட்டார். "குந்து வாத்தியாரே. அப்பாவுக்குக் கோவம் வந்தா இன்னா சொல்லித் திட்டுவாரு?"

நாலு நாளில் படம் முடிந்தது. நான் ஐந்தாம் நாளும் போய் உட்கார்ந்தேன்.