பெருமாளை நிறுத்திய மேடு

தெருவுக்கு வேகத்தடை வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அது அடுத்த வீட்டு வாசலில் இருக்க வேண்டும். என் வீட்டு வாசலிலேயே போடுங்கள் என்று வலியப் போய்க் கேட்ட ஆள், திருப்பதியிலேயே அநேகமாக நான் ஒருவன்தான்.

காரணம் இருந்தது. ரேணிகுண்டா போகிற பைக் ஆட்கள் மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து எங்கள் தெருவில் புகுந்து பறப்பார்கள். ஒரு நாள் ஒருவனுக்கு வழிவிடப்போய் என் மகள் சைக்கிளோடு சாக்கடையில் இறங்கிவிட்டாள். மறுநாளே நான் போராளி ஆனேன். (திரும்பிப் பார்த்தால் பின்னால் படை இல்லை.)

பள்ளிக்கூடத்தில் வார்டு கூட்டம். நடுவில் கார்ப்பரேட்டர் அம்மா. பக்கத்தில் ஓர் இன்ஜினியர். எதைக் கேட்டாலும் தெலுங்கில் "சூஸ்தாம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். அவர் எதையும் பார்த்ததாக யாருக்கும் நினைவில்லை.

நான் கேட்ட வேகத்தடையை எதிர்த்தவர் எதிர்வீட்டு முனிரத்தினம் அண்ணன் மட்டும்தான். சித்தூர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருக்கோடிப் பெருமாள் கோயில் புறப்பாட்டில், சாமி வருகிற சக்கர வண்டிக்கு முன்னால் வடம் பிடிப்பவர்.

"சாமி வண்டி சக்கரம் இத்தினிக்கூண்டு. மேடு போட்டா எப்படிம்மா ஏறும்? நடுத்தெருவுல நின்னுக்கும்" என்றார்.

நான் எழுந்தேன். "ஏண்ணா, நாம மட்டும் மெதுவாப் போவணும், சாமி ஸ்பீடாப் போய்க்கினு இருக்கலாமா?"

கூட்டம் சிரித்தது. கார்ப்பரேட்டர் அம்மாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பிலேயே தீர்மானம் நிறைவேறிவிட்டது. அண்ணன் மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மேடு வந்தது. மேடா அது? திருமலைக்கு எட்டாவது மலை. மிச்சத் தாரைத் திருப்பி எடுத்துப்போக மனமில்லாமல் என் வாசலிலேயே கொட்டிவிட்டார்கள் போலிருந்தது. வெற்றியைக் கொண்டாட அந்த ஞாயிற்றுக்கிழமை நாட்டுக்கோழி வாங்கி வந்தேன்.

"இன்னிக்கு சாமி வருது, கறி வேணாங்க" என்றாள் மனைவி.

"அது எந்தக் காலத்துல நம்ம வூட்டாண்ட நின்னுது?"

பொய் இல்லை. தெருவின் இரண்டு முனைகளில்தான் சாமி நிற்பார், தீபாராதனையும் அங்கேதான். நடுத்தெருக்காரர்களுக்குக் கிடைப்பது ஒரு குடை, ஒரு மாலையின் ஓரம், அப்புறம் முதுகு.

சாயங்காலம் நாகஸ்வரம் நெருங்கியது. கூடவே வண்டியும். முன்சக்கரம் மேட்டில் முட்டியது. குடை ஒருமுறை குலுங்கி நிமிர்ந்தது. வடத்தை இழுத்தார்கள்; பின்னால் தள்ளினார்கள். பெருமாள் அசையவில்லை. என் வீட்டு வாசலுக்கு நேராக, சர்வ அலங்காரத்தோடு நின்றுவிட்டார். உள்ளேயிருந்து கோழிக்குழம்பு வாசனை அவரை வரவேற்கப் புறப்பட்டது.

தெரு மொத்தமும் என்னைப் பார்த்தது. ஒளிந்துகொள்ள அந்த மேட்டைவிட்டால் வேறு மறைவில்லை.

வண்டிமேல் இருந்த பட்டர் மூக்கைச் சுருக்கினார். "நின்ன இடத்துல தீபம் காட்டாம நகர்த்தப்படாது. ஓய், உள்ளே அந்தச் சட்டியை மட்டும் மூடச் சொல்லும்."

மனைவி ஏற்கெனவே மூடியிருந்தாள், அதன்மேல் அம்மிக்கல்லையும் வைத்திருந்தாள்.

தீபம் ஏறியது. அவ்வளவு கிட்டத்தில் நான் பெருமாளைப் பார்த்ததே இல்லை. சுடர் அசைய அசைய அந்த முகம் சிரிப்பதும் நிறுத்துவதுமாக இருந்தது. என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றியது. கூட்டத்தில் அவர் ஸ்பீடைக் கிண்டலடித்தவன் நான். கைகூப்பத் தோன்றவே நேரமாகிவிட்டது.

அப்போதுதான் முனிரத்தினம் அண்ணனைக் கவனித்தேன். அவர் சாமியையும் பார்க்கவில்லை, என்னையும் முறைக்கவில்லை. வடத்தைக் கீழே விட்டுவிட்டுத் தன் வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் மனைவி. முழங்கால் போனதிலிருந்து தெருமுனைவரை நடக்க முடியாதவர். புருஷனே வடம் பிடித்தும் வருஷா வருஷம் முதுகை மட்டும் சேவித்தவர். இன்று கூப்பிய கையை இறக்காமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு இழுக்க யாரும் அவசரப்படவில்லை. கடைசியில் நானும் தோள் கொடுத்தேன். வண்டி ஏறியது, நான் குப்புற விழுந்தேன். (சாஷ்டாங்க நமஸ்காரம் என்று பட்டர் கருணையோடு சொன்னார்.)

அடுத்த கூட்டத்தில் நானே எழுந்து, மேட்டை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"அது இருக்கட்டும்மா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். முனிரத்தினம் அண்ணன். "பலகை போட்டு ஏத்திக்கிறோம். சாமி அங்க கொஞ்ச நேரம் நிக்கட்டும்."

கூட்டம் தலையாட்டியது. இன்ஜினியர் மட்டும் "சூஸ்தாம்" என்றார். அதனால் மேடு இன்றும் இருக்கிறது.

புறப்பாட்டன்று எங்கள் வீட்டில் தயிர்சாதம்தான். மற்ற நாட்களில் அடுப்பில் கோழி ஏறினால் போதும், என் மகள் எழுந்து கேட்டருகே போவாள்.

"நைனா, இரு, இன்னும் மூடியத் தொறக்காத. வெளிய யாராச்சும் நின்னுக்கினு இருக்காரான்னு பாத்துட்டு வரேன்."