பத்து பேரிங்கும் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயும்

பெண் பார்த்து முடிவு செய்ய எனக்கு ஒரு சாயங்காலம் போதுமானதாக இருந்தது. ரீல் பார்த்து முடிவு செய்ய நான்கு மாதம் பிடித்தது. இது என் வாயால் வந்த செய்தி அல்ல. என்னோடு குடித்தனம் நடத்துகிற செல்வி, வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பியோடு சேர்த்துக் கொடுக்கிற பலகாரம். மறுத்துப் பேச எனக்கு வழியில்லை.

ரீல் என்றால் கைபேசியில் கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்களே, அது இல்லை. தூண்டில் கம்பில் மாட்டி நைலான் நரம்பைச் சுற்றி வைக்கிற சாமான். (அந்த ரீலைப் பார்த்துத்தான் இந்த ரீல் ஆசை வந்தது என்பது வேறு விஷயம்.) நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். இந்தத் தகவலையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னைத் திட்டுவதற்கு உதவும்.

எல்லாம் என் தங்கை உமாவின் நிச்சயத்தன்று ஆரம்பித்தது. அப்பா தவறி மூன்று வருடம் ஆகியிருந்தது. சபையில் அப்பா உட்கார வேண்டிய நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா தோவாளையில் மொத்தப் பூ வியாபாரி. வெற்றிலையை மென்றபடி போகிற போக்கில் ஒரு வார்த்தை சொன்னார். கடல் மீன் நித்தமும் தின்கிறோம், நல்ல குளத்து விரால் தின்று வருடக் கணக்கில் ஆகிறது என்று. அவர் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. விதி என்னைத்தான் எழுப்பிவிட்டது.

"மறுவீட்டு விருந்துக்கு விரால் நான் பிடிச்சுத் தாரேன் மாமா" என்றேன், சபையறிய.

பெண்ணும் மாப்பிள்ளையும் கல்யாணம் முடிந்து முதன்முதலாக வந்து உட்காருகிற பந்தி அது. அன்றைக்கு இலையில் என்ன விழுகிறது என்பதை வைத்துத்தான் பெண்ணின் பிறந்த வீட்டை எடைபோடுவார்கள். உமா அடுக்களை வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். அப்பா இருந்தால் என்ன செய்திருப்பாரோ அதை அண்ணன் செய்கிறான் என்கிற பார்வை. அந்தப் பார்வைக்கு நான் திமிங்கலமே பிடித்துத் தருவதாகச் சொல்லியிருப்பேன். அதுவரை என் தூண்டிலில் மாட்டியவற்றில் பெரியது, சுண்டுவிரல் நீளக் கெண்டை ஒன்று.

"ஏலே, வடசேரிச் சந்தையில சொல்லி வச்சா வெட்டிக் கழுவித் தருவான். ஒனக்கு எதுக்குலே இந்த வேண்டாத வேல?" என்றாள் அம்மா. அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

விரால் தாமரை இலைகளுக்கு அடியில் கிடக்கிற மீன். இலைகளுக்கு நடுவே குறிபார்த்து, இரைபோல முள் மாட்டிய ரப்பர் தவளையை எறிய வேண்டும். அதற்கு நல்ல ரீல் வேண்டும். இப்படித்தான் நான் ஆரம்பித்தேன். பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, எடை, பேரிங், பிரேக், கியர் என்று ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட்டேன். பதினாறு ரீல்கள் பரீட்சை எழுதின. எல்லாரையும் ஃபெயிலாக்கிவிட்டு மறுபடி திருத்தினேன். கைப்பிடி வலப்பக்கம் வேண்டுமா இடப்பக்கம் வேண்டுமா என்கிற கேள்வியில் மட்டும் பத்து நாள் போனது. ரீல் விற்கிற சென்னைக் கடைக்காரர் கைபேசியில் என் எண்ணைப் பார்த்ததுமே பெருமூச்சு விடும் நிலைக்கு வந்துவிட்டார். "சார், நீங்க மீன் பிடிக்கப் போறீங்களா, இல்ல ரீலுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கப் போறீங்களா?" என்று ஒருநாள் கேட்டார்.

கடைசியில், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜை விட விலை கூடிய ஒரு ரீல் முதல் மதிப்பெண் வாங்கியது. உள்ளே பத்து பேரிங். கூரியர் வந்த அன்று செல்வி அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். (கிண்டலாகத்தான் வைத்தாள். நான் கும்பிட்டேன்.)

கடைக்காரர் ஒன்றே ஒன்றை மட்டும் மூன்று முறை சொன்னார். மாதம் ஒருமுறை பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும், அதற்கென்று விற்கிற ரீல் எண்ணெய் மட்டும்தான் விட வேண்டும் என்று. அது கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து அளவுக்கு ஒரு குப்பி. விலையைக் கேட்டால் மருந்து விடாமலே கண்ணில் நீர் வரும். நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். எண்ணெயைப் பற்றி யாருக்கு யார் சொல்வது? தையல் மிஷினுக்கும், கதவுக் கீலுக்கும், தலைக்கும், அவியலுக்கும் ஒரே எண்ணெயை ஊற்றி வாழ்கிற ஜில்லா இது. எங்கள் தோப்புத் தேங்காய், செக்கில் ஆட்டிய எண்ணெய். ரீலைத் திறந்து சொட்டு விடவில்லை, கரண்டியால் விட்டேன். விலைகூடிய சாமானுக்குக் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாதல்லவா!

கார்த்திகை மாதத்துச் சாயங்காலங்களில் மொட்டைமாடியில் பழகினேன். நரம்பு நுனியில் பழைய சாவி ஒன்றைக் கட்டி எறிந்தால், நான் நினைத்த பூந்தொட்டியில் போய் விழுந்தது. ரீல் சத்தமே இல்லாமல் ஓடியது. உமா கைதட்டினாள். அந்த ஒரு மாதம்தான் நான் வாழ்ந்த மாதம்.

தை பிறந்தது. கல்யாணம் முடிந்தது. மறுவீட்டன்று விடிகாலையில் குளித்துவிட்டுத் தலைக்கு எண்ணெய் எடுத்தால், குப்பியைக் கவிழ்த்தும் ஒரு சொட்டு விழவில்லை.

"எண்ணெ கட்டியாயிட்டு. அடுப்புப் பக்கத்துல வச்சிருக்கேன், செத்த நேரம் நில்லுங்க" என்றாள் செல்வி.

நேரமில்லை என்று வறண்ட தலையோடு புறப்பட்டேன். தேங்காய் எண்ணெய் இருபத்து நாலு டிகிரிக்குக் கீழே உறையும் என்று வருடா வருடம் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவன், உறைந்த குப்பியைக் கீழே வைத்துவிட்டு, அதே எண்ணெய் குடித்த ரீலை எடுத்துக்கொண்டு, பைக்கில் பனிக்காற்றில் தோவாளைக் குளம் வரைக்கும் போனேன். ஒரு நொடிகூட மூளை வேலை செய்யவில்லை. என் மாணவர்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் தெரிந்தவர், கல்யாண வீடு என்பதால் ஒரு மீன் பிடித்துக்கொள்ளச் சம்மதித்திருந்தார். கரையில் சம்பந்தி மாமா எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார். பூச்சந்தை முடித்து, பிச்சிப்பூ மணத்தோடு, நான் விரால் பிடிக்கிற அழகைப் பார்க்க வந்திருந்தார். தோளில் கிடந்த துண்டைக் கல்லில் விரித்து உட்கார்ந்தும்விட்டார்.

முதல் வீச்சு. தவளை என் காலடியில் விழுந்தது. இரண்டாவது வீச்சில் என் முதுகுக்குப் பின்னால் விழுந்தது. ரீல் அசையவே இல்லை. தூரத்தில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளும் அன்றைக்குப் பார்த்துச் சுற்றாமல் நின்றன. பிரேக்கைத் தளர்த்தினேன். இன்னும் தளர்த்தினேன். திருகக்கூடிய எல்லாவற்றையும் திருகி முடித்தேன். பிறகு கம்பை வெயிலில் சாய்த்து வைத்துவிட்டு, தண்ணீரை ஆராய்ச்சி செய்வதுபோல ஒரு முக்கால் மணி நேரம் நின்றேன். மாமா கல்லில் உட்கார்ந்தபடி என்னையும் கம்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

அப்போதுதான் இலைகளுக்கு நடுவில் அது எழும்பியது. என் முன்னங்கை பருமன், கரிய முதுகு. உமாவின் முகம் ஒருமுறை கண்ணில் வந்துபோனது. பாய்ந்து கம்பை எடுத்து, அப்பாவை நினைத்துக்கொண்டு, உடம்பிலிருந்த பலத்தையெல்லாம் கூட்டி வீசினேன். இதற்குள் வெயில் ஏறி எண்ணெய் உருகிவிட்டது எனக்குத் தெரியாது. பிரேக் ஒன்றுகூட இல்லாத ரீல் வெறிபிடித்துச் சுற்றியது. நரம்பு ஒரே நொடியில் குருவிக்கூடாகச் சிக்கி, வெடுக்கென்று நின்று, நுனியில் அறுந்தது. ரப்பர் தவளை மட்டும் தன்னந்தனியாகப் பறந்து, நான் குறிபார்த்த அதே இடத்தில் போய் விழுந்தது. என் வாழ்நாளிலேயே சரியான வீச்சு அதுதான்.

விரால் வந்தது. தவளையை விழுங்கியது. போய்விட்டது.

மாமா எழுந்து துண்டை உதறினார். "மறுவீட்டு விருந்து எனக்க மகனுக்கா, அந்த மீனுக்கா மக்கா?" என்று கேட்டார். சிரிக்காமல் கேட்டார். பிறகு என் கையிலிருந்த ரீலை வாங்கிப் புரட்டினார். உருகிய எண்ணெய் அவர் விரலில் வழிந்தது. முகர்ந்து பார்த்தார்.

"இதுல என்னடே, அவியல் மணம் வருகு?"

இருபத்து நாலு டிகிரி என்பது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

அங்கிருந்து வடசேரிக்குப் பறந்தேன். விரால் விற்றுத் தீர்ந்திருந்தது. அன்றைக்கென்று நல்ல மீன் எதுவுமே வந்திருக்கவில்லை. மற்ற ஊர்களில் மத்தி என்கிற மலிவு மீன், சாளை மட்டும் இருந்தது. மாப்பிள்ளைக்கும் சம்பந்திக்கும் மறுவீட்டுப் பந்தியில் சாளைக் குழம்பு வைத்த ஒரே வீடு எங்கள் வீடாகத்தான் இருக்கும். உமா தலை நிமிராமல் சாப்பிட்டாள். நான் பின்கட்டில் வாழை மூட்டில் நின்று அழுதேன். வேடிக்கைக்காக எழுதவில்லை, அழத்தான் செய்தேன். அப்பா நாற்காலியில் உட்கார எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

மூன்றாம் நாள் சாயங்காலம் உமா போனில் கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது இது: புகுந்த வீட்டில் யாரிடமும் என்ன பேசுவதென்று தெரியாமல் இரண்டு நாள் வாய் மூடிக் கிடந்திருக்கிறாள். அன்று காலையில் அவளுடைய மாமியார் உறைந்துபோன எண்ணெய்க் குப்பியைத் தட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். உமா தன்னையறியாமல், "எங்க அண்ணனுக்க ரீலு மாதிரி ஆயிட்டு அத்தை" என்றிருக்கிறாள். காப்பி குடித்துக்கொண்டிருந்த மாமாவுக்குப் புரையேறி, வீடே கூடி முதுகில் தட்டும்படி ஆகிவிட்டதாம். அதற்குப் பிறகு மாமியாரும் அவளும் மத்தியானம் வரை பேசி ஓயவில்லை.

"அப்ப எனக்க மானம்?" என்றேன்.

"அது குளத்தங்கரையிலயே போயிட்டுல்லா அண்ணா" என்றாள். அவள் குரலில் அத்தனை சந்தோஷத்தை நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

ரீல் அலமாரியில் இருக்கிறது. திறந்தால் இன்றும் அவியல் மணக்கும். போன தை மாதம் உமா வீட்டுக்குப் போயிருந்தேன். உள்ளேயிருந்து அவள் மாமியார், "உமா, எண்ணெ ரீலாயிட்டு, எடுத்து வெயில்ல வை" என்று குரல் கொடுத்தார். கூடத்தில் மாமா, மாப்பிள்ளை, வேலைக்கு நிற்கிற அக்கா எல்லாரும் இருந்தார்கள். யாராவது சிரிப்பார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த வீட்டில் அது வெறும் சொல்லாகிவிட்டிருந்தது. உமா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் குப்பியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள்.