பம்ப் அறையின் மூச்சு

பறவைக் கணக்கெடுப்புக்கு முந்தைய மாலை, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தம் மனைவியை எதிரே உட்காரவைத்து ஒரு சபதம் செய்தார்.

"கண்ணால பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

"சரி. பால் பொங்குது," என்று அவள் எழுந்து போனாள்.

சபதத்துக்குக் காரணம் உண்டு. கணக்கெடுப்புக்கு ஆள் திரட்டிய பூகோள டீச்சர், மற்றவர்களின் கணக்கைச் சரிபார்க்கும் பொறுப்பை இவருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். இந்த ஒரு கணக்கு பிசகில்லாமல் முடிந்தால் போதும்.

அவருக்கு ஒதுக்கப்பட்டது, கைவிடப்பட்ட பழைய நீரேற்று நிலையம். விடிந்தும் விடியாததுமாகப் போனார். இடுப்பளவு புல்லை விலக்கிக்கொண்டு பம்ப் அறைக் கதவில் கை வைத்தபோது, உள்ளே யாரோ மூச்சு விட்டார்கள். நீளமாக, கரகரவென்று, இழுத்து இழுத்து. அவர் இருமிப் பார்த்தார். மூச்சு நின்றது. பிறகு முன்னிலும் பலமாக எழுந்தது. இப்போது ஒருவர் அல்லர், பலர். அவர் ஓடினார் என்று சிலரும், விரைந்து நடந்தார் என்று சிலரும் சொல்கிறார்கள். ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை.

எதிர்ப்புறத்து டீக்கடை பெஞ்சில் அமர்ந்து, அங்கே இருந்திருக்கக்கூடிய பறவைகளை எண்ணி முடித்தார். காகம், மைனா, கிளி எல்லாம் நியாயமான அளவில். பம்ப் அறையில் எதுவுமில்லை என்று எழுதினார்.

"என்னங்க, ஒத்தைச் செருப்போட வர்றீங்க?" என்றாள் மனைவி வீட்டு வாசலில்.

"நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு."

"பெரிய நாயா?"

"ரொம்ப."

"உள்ளயெல்லாம் போய்ப் பார்த்தீங்களா?"

"மூலைமுடுக்கு விடல."

இரண்டொரு நாளில் டீச்சரின் போன் வந்தது. ஒவ்வோர் இடத்தையும் இன்னொருவரும் தனியே போய் எண்ணியிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இரண்டையும் ஒப்பிடுவார்களாம். யார் அந்த இன்னொருவர் என்பது அதுவரை ரகசியமாம்.

அன்றிலிருந்து அவருக்குக் கடைக்கு வந்தவர்களெல்லாம் அந்த இன்னொருவராகவே தோன்றினார்கள். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் செருப்பில் புல் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"ஏங்க, உங்களுக்கு இப்படி வேர்க்குது?" என்று மனைவி இரவில் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்குக் காய்ச்சல்னு டீச்சர்கிட்ட சொல்லிடு."

"ஞாயித்துக்கிழமை வர்ற காய்ச்சல் இன்னைக்கே எப்படிங்க தெரியும்?"

"அந்த ஆள் தப்பா எண்ணியிருந்தா?"

"நீங்கதான் சரியா எண்ணியிருக்கீங்களே, அப்புறம் என்ன?"

அந்தப் பேச்சில் அவருக்கு வழி புலப்பட்டது. தப்பு செய்தது அந்த ஆள்தான் என்று முந்திக்கொண்டு அடித்துச் சொல்லிவிட வேண்டும்.

கூட்டத்தில் டீச்சர் வாசித்தார். "பம்ப் அறை. முதல் கணக்குல ஒண்ணுமில்ல. ரெண்டாவது கணக்குல கூகை ஆந்தை, குஞ்சுகளோட."

கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

"புது ஆளுங்களுக்கு ஆசை கண்ணை மறைக்கும், டீச்சர்! பார்க்க விரும்பினதையெல்லாம் பார்த்ததா எழுதிடுவாங்க. உள்ளயே போகாம எழுதின கணக்கு இது!"

"அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"அந்த மூச்சுச் சத்தத்தைக் கேட்டுட்டு எந்த மனுஷன் கதவைத் திறப்பான்?"

தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே மெதுவாகத்தான் உறைத்தது.

"அது பசியில கூகைக் குஞ்சுங்க போடுற சத்தம்," என்றார் டீச்சர் தணிந்த குரலில்.

கடைசி வரிசையிலிருந்து கடைக்காரரின் மனைவி எழுந்து வந்தாள். பைக்குள்ளிருந்து ஒற்றைச் செருப்பை எடுத்து அவர் காலருகே வைத்தாள்.

"நீயா?" அவர் செருப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தச் சத்தம்... உனக்குப் பயமா இல்லையா?"

"என்னங்க பயம்? கல்யாணமான நாள்லேருந்து அந்தச் சத்தத்துக்குப் பக்கத்துலதானே படுத்துத் தூங்கறேன்."