ஞாயிறு பதினொரு மணிக்கு இறங்கும் சர்க்கரை

இனி என் காரை நானேதான் ஓட்டுவேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து படுத்தபடியே சபதம் போட்டேன். வயிற்றின் வலப்பக்கம் ஒரு பிளாஸ்திரி. யாரென்றே தெரியாத ஒரு புண்ணியவான் இறந்தபின் கொடுத்த கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்தெடுத்து, மெல்லிய குழாய் வழியாக என் ஈரலுக்குள் குடியேற்றியிருந்தார்கள். பதினான்கு வயதிலிருந்து நான் ஊசியில் ஏற்றிக்கொண்டதை இனி அவை உள்ளேயே தயாரித்துக் கொடுக்கும்.

"குடிவந்தவங்க எப்படி இருக்காங்க?" என்றாள் என் மனைவி.

"சத்தமே இல்ல."

"நல்ல மனுஷங்க. நீங்க சண்டை போட்டுத் துரத்திடாதீங்க."

கார் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மற்றவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். எனக்கு எந்த அறிவிப்பும் கிடையாது. பேசிக்கொண்டே இருப்பேன், பேச்சு மட்டும் தானாக வேறு ஊருக்குப் போய்விடும். அப்படி ஒரு நாள் போனபோது நான் காரில் இருந்தேன். கார் ஒரு பேக்கரிக்குள் இருந்தது. நல்லவேளை, கண்ணாடியைத் தவிர யாருக்கும் அடியில்லை.

"சர்க்கரை இறங்கின மனுஷன் நேரா பேக்கரிக்குப் போயிருக்கார். இதுல என்ன தப்பு?" என்று போலீஸ்காரரிடம் எனக்காக வாதாடியவள் அவள்தான். ஆனாலும் லைசென்ஸ் போயிற்று. சாவி அவள் கைப்பைக்குள் போயிற்று.

நான் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடங்களில் லிஃப்டை மேலும் கீழும் ஓடவிடுகிறவன், ஆறு வருஷம் பெண்டாட்டி பக்கத்தில் டூல்ஸ் பையை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வேலைக்குப் போய் இறங்கினேன். "சாப்பாட்டை மறந்துடாதீங்க" என்று ஜன்னல் வழியாக அவள் கத்துவாள். வாட்ச்மேன் சிரிப்பான்.

இப்போது எல்லாம் மாறிப்போயிற்று! இரண்டாம் மாதமே ஊசியை நிறுத்திவிட்டார்கள். காலையும் மாலையும் நேரம் தவறாமல் மாத்திரை. குடிவந்தவர்களை என் உடம்பு விரட்டியடிக்காமல் இருக்க. இடது புஜத்தில் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சார். சர்க்கரையை அளந்து என் போனுக்கும் அவள் போனுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். நூறு, நூற்றுப்பத்து, தொண்ணூற்றெட்டு. ஒரு நாளில் நாற்பது தரம் பார்ப்பேன். லிஃப்டில் போகிறவர்களிடமெல்லாம் காட்டினேன்.

டாக்டரம்மா சொன்னார்: "மூணு மாசம் சர்க்கரை இறங்காம இருந்தா, லைசென்ஸ் ஃபாரத்துல கையெழுத்துப் போடறேன்."

நான் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கியர் மாற்றிப் பழகினேன்.

ஒரே ஒரு கஷ்டம். என் மச்சான்.

மனைவியின் அண்ணன். தங்கமான மனுஷர். வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் பத்தரைக்கு வந்து, கட்டின வரைக்கும் சொல்லுவார். ஒரு கதவுக்கு முக்கால் மணி நேரம். முன்பெல்லாம் எனக்கு நிஜமாகவே சர்க்கரை இறங்கும், படுக்க வைத்துவிடுவார்கள், தப்பிப்பேன். செல்கள் வந்தபின் அந்த வழி அடைபட்டது. ஆரோக்கியத்தில் இப்படி ஓர் ஆபத்து இருக்கிறது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு இடதுபக்கம் சாய்ந்து தூங்கினேன். போன் அலறியது. ஐம்பத்தெட்டு! பதறி எழுந்து விரலில் குத்திப் பார்த்தால் நூற்றெட்டு. நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அந்தக் கை மேல படுத்திருந்தீங்களா? அழுத்தினா சென்சார் தப்பாக் குறைச்சுக் காட்டும். பயப்படாதீங்க."

பயமா? எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. உடனே மனைவியும் வேலையிடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க, ஐம்பத்தெட்டாம்?"

"தானா சரியாயிடுச்சு."

"அப்படியா?" என்று வைத்துவிட்டாள்.

ஞாயிறு. மச்சான் வீட்டுக் கதையில் சமையலறை ஜன்னல் வரைக்கும் வந்திருந்தார். நான் பீரோவை ஒட்டி உட்கார்ந்து, அதன் ஓரத்தில் இடது புஜத்தைச் சார்த்தி அழுத்தினேன். கால் மணி நேரம். இரண்டு போனும் ஒரே குரலில் அலறின.

"ஐயோ மாப்பிள்ளை!" என்றார் மச்சான்.

நான் கண்ணை மூடினேன். அவள் வந்து விரலில் ஒரு குத்துக் குத்தினாள். பிறகு ஆரஞ்சு ஜூஸைப் புகட்டினாள். "அண்ணா, அவர் படுக்கட்டும். நீங்க சாப்பிட்டுக் கிளம்புங்க" என்றாள். அறைக்குள் போய்ப் போர்வைக்குள் நடனமாடினேன்.

ஐந்து ஞாயிறு. ஐந்து தரமும் பதினொரு மணி. ஒரே ஒரு மாற்றம்: ஜூஸ் வாரத்துக்கு வாரம் தண்ணியாகிக்கொண்டே வந்தது. ஐந்தாவது வாரம் வெறும் தண்ணீர். நோயாளியாகக் கிடக்கிறவன் எப்படிப் புகார் சொல்வது? "இனிப்பா இருக்கா?" என்று கேட்டாள். "தேன் மாதிரி" என்று முனகினேன்.

மூன்று மாதம் முடிந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஃபாரத்தோடு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தேன். அவர் கம்ப்யூட்டரைத் திருப்பினார். அதில் ஒரு கோடு, அமைதியான ஆறு மாதிரி. நடுநடுவே கிணறு கிணறாக.

"இது என்ன?"

"எது?" என்றேன். லிஃப்டில் அபாய மணி அடித்தால் அடிக்கும், நின்றால் நின்றுவிடும். அந்தப் பாழாய்ப்போன பொத்தானும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அது அத்தனையையும் எழுதி வைத்திருக்கிறது!

"முதல்ல வெள்ளிக்கிழமை காட்டினது தூக்கத்துல கை அழுத்தினதுன்னு நர்ஸ் எழுதியிருக்காங்க, அதை விடுங்க. அப்புறம் அஞ்சு தடவை இறங்கியிருக்கு. ஞாயித்துக்கிழமை மட்டும், பதினோரு மணிக்கு. ஊசியே போடாதவருக்கு ஏன் இறங்குது? ஆஸ்பத்திரியில சேர்த்துப் பரிசோதிக்கணும். அதுவரைக்கும் கையெழுத்துக் கிடையாது. மறுபடி மூணு மாசம்."

கார் என் கண்ணெதிரிலேயே புறப்பட்டுப் போவது போலிருந்தது. மனைவியைப் பார்த்தேன். அவள் கைப்பையின் வாயைத் திறந்து, மூடினாள்.

"டாக்டர், ரெண்டு நிமிஷம்" என்று என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனாள்.

அவள் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர். எதையும் இரண்டு தரம் அளக்காமல் நம்பியதில்லை. என்னைக் கல்யாணம் செய்துகொண்டது ஒன்றுதான் அளக்காமல் செய்தது என்பாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரி வெளியே வந்தது. ஐந்து ஞாயிறு. ஐந்து தடவை ஜூஸுக்கு முன்னால் விரலில் குத்திப் பார்த்த அளவு. நூற்றிரண்டு, நூற்றுப்பதினொன்று, தொண்ணூற்றேழு, நூற்றாறு, நூற்று நாலு.

"இதைக் காட்டினா கையெழுத்துப் போட்டுடுவாங்க" என்றாள்.

"காட்டும்மா! என் தெய்வமே, காட்டு!"

"காட்டறேன். சென்சார் ஏன் தப்பாக் காட்டுச்சுன்னு நீங்க உங்க வாயால சொல்லணும்."

"டாக்டர்கிட்டயா? மானம் போயிடும்."

"மானமா, காரா?"

வராந்தாவில் ஒரு கிழவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "கார்" என்றேன்.

உள்ளே போய்ச் சொன்னேன். பீரோவையும் சொன்னேன். டாக்டரம்மா டைரியை ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தோள் குலுங்கியது. பிறகு முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை இப்படி விளையாடினா நிஜமா இறங்கும்போது யாரும் நம்பமாட்டாங்க" என்று திட்டித் தீர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்தப் பேனாச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

இருபது நாளில் லைசென்ஸ் வந்தது. அன்று ஞாயிறு. அவள் சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். கண் கலங்கியிருந்தாள். நானும்தான். சென்சாரில் நூற்றுப்பத்து. கதவைத் திறந்து, ஆறு வருஷத்துக்குப் பிறகு வலது பக்கம் உட்கார்ந்தேன்! சீட்டைப் பின்னால் தள்ளினேன். கண்ணாடியைத் திருப்பினேன். ஹாரன் அடித்தேன், யாருமே இல்லாத தெருவில். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள், மடியில் என் டூல்ஸ் பை.

"பை எதுக்கும்மா?"

"வண்டியை எடுங்க, சொல்றேன்."

எடுத்தேன். வெண்ணெய் மாதிரி ஓடியது. தெருமுனை வந்தது.

"எந்தப் பக்கம் போகலாம்? கடற்கரையா? மலைப்பக்கமா? சொல்லு ராணி!"

"இடது பக்கம். அண்ணன் வீட்டுக்கு. வீட்டுக்குள்ள சின்னதா ஒரு லிஃப்ட் வச்சிருக்கார், ஓட மாட்டேங்குதாம். ஞாயித்துக்கிழமை தோறும் நீங்க வந்து பார்த்துக்குவீங்கன்னு சொல்லிட்டேன்."

"எப்போ சொன்னே?"

"நீங்க நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணினீங்கல்ல? அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி நான் பண்ணியிருந்தேன், கை அழுத்தினா தப்பாக் காட்டும்னு எனக்கும் சொன்னாங்க. அன்னிக்கு சாயந்திரமே அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், லிஃப்ட் வைக்கறதுக்கு முன்னாடியே."

ஸ்டியரிங் என் கையில்தான் இருந்தது. வண்டி இடது பக்கம் திரும்பியது.