கழிவறைப் பெட்டியும் கெல்வினின் காதும்

என் கணவர் கெல்வினுக்குக் காது நன்றாகக் கேட்கும். நான்தான் வாய்க்குள் முணுமுணுக்கிறேன். இது அவர் கட்சி. என் முணுமுணுப்புக்குப் பக்கத்து வீட்டு நாய் எழுந்து குரைப்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

போன வருஷம் டாக்டர் பார்த்துவிட்டு ஜோடியாகக் காதுக் கருவி கொடுத்தார். அன்று முதல் அது காலுறை வைக்கும் டிராயரில் குடியிருக்கிறது. காலுறைகளுக்கு இப்போது அபாரமாகக் கேட்கிறது.

இந்த வசந்தத்தில் மேற்குக் கரையோரமாக வேனைக் கிளப்பினோம். காலுறைகளோடு கருவியும் வேன் டிராயருக்குக் குடிபெயர்ந்தது. கடல் பார்த்த இடத்தில் சமையல், பறவை பார்த்த இடத்தில் படுக்கை. ஹாஸ்ட் கணவாய் இறக்கத்தில் ஒரு மர லாரி எங்கள் முதுகிலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. கெல்வின் நிம்மதியாக ஓட்டிக்கொண்டே, "தூரத்துல கப்பல் போகுது போல" என்றார்.

அப்போதே முடிவு கட்டினேன். வீடு திரும்புவதற்குள் அந்தக் கருவி அவர் காதில் ஏறியாக வேண்டும். இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கப்பலுக்கு அடியில்தான் போவோம். சொல்லிப் பார்க்கவில்லை. சொன்னால் கேட்கிற காதாக இருந்தால் எதற்குக் கருவி?

நான் முடிவு கட்டிய அதே சாயங்காலம் கெல்வின் சட்டம் இயற்றினார். வேன் கழிவறைக்கு அடியில் ஒரு பெட்டி உண்டு. தினமும் யாராவது அதை உருவி, ஊரே பார்க்க இழுத்துப்போய்க் கொட்டிக் கழுவ வேண்டும்.

"அன்னன்னைக்கு முதல் பறவையை யாரு பாக்குறாங்களோ, இல்ல கேக்குறாங்களோ, அவங்க ஜெயிச்சாங்க. தோத்தவங்க பெட்டியைத் தூக்கணும்."

"கடற்காகம் செல்லுமா?"

"செல்லாது. குருவி, கோழி மாதிரி காலடியில திரியுற வேக்கா, இந்த மாதிரி சாதாரணப் பறவை எதுவும் செல்லாது. நாள் நடுராத்திரிக்கு ஆரம்பம். உலகம் முழுக்கப் பறவை பாக்குறவங்க வழக்கம் அதான்."

"நான் கேட்டேன்னு சொன்னா நீ நம்பணுமே."

"ஒருத்தர் கேட்டேன்னா கேட்டதுதான். சந்தேகப்படக் கூடாது. அது மரியாதை, பெர்னி."

மனிதருக்கு இவ்வளவு பெருமை எதனால் என்றால், தொலைநோக்கி அவரிடம் இருந்தது. என்னிடம் வாணலி இருந்தது. முதல் நாள் கரண்டிவாயன், மறுநாள் சிப்பிபிடிப்பான், இரண்டு பறவையையும் அவரே முதலில் பார்த்தார். இரண்டு நாளும் பெட்டியை நான்தான் இழுத்தேன். டிமாரு கான்வென்ட்டில் முதுகை நிமிர்த்தி நடக்கப் பழக்கியிருந்தார்கள். அந்தப் பெட்டியைத் தேவாலயத் திருப்பண்டம்போலக் கொண்டுபோனேன். எதிரே வந்தவர்கள் தாமாகவே வழிவிட்டார்கள்.

கொட்டுகிற இடத்தில், எங்கள் வழியிலேயே பயணம் வந்துகொண்டிருந்த பக்கத்து வேன்காரி நையரி நின்றுகொண்டிருந்தாள். அவளும் பறவைப் பைத்தியம்.

"ரைபிள்மேன் கத்துறது கேக்குதா?" என்றாள். மரத்தில் அந்தப் பெயருள்ள கட்டைவிரல் அளவுப் பறவை ஒன்று, ஊசியால் கண்ணாடியைத் தொட்டதுபோல 'ஸிப், ஸிப்' என்றது.

"நல்லாக் கேக்குது."

"எங்க வீட்டுக்காரருக்குக் கேட்டுப் பத்து வருஷம் ஆச்சு. ஆம்பளைங்க காதை விட்டு முதல்ல போற குரல் இதுதான். ஒத்துக்க மட்டும் மாட்டாங்க."

எனக்கு அங்கேயே, கையில் குழாயோடு, ஞானம் பிறந்தது.

மறுநாள் விடிந்ததும் கெல்வின் தொலைநோக்கியை முக்காலியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைத் திறந்தேன்.

"கேக்குதா, கெல்வின்?"

"என்னது?"

"ரைபிள்மேன்."

அவர் முகத்தில் ஒரு கணம் மேகம் போய் வந்தது. பிறகு தலையை ஆட்டினார். "கேக்குதே! கணீர்னு கேக்குது!"

"நான்தான் முதல்ல. பெட்டி உன்னுது."

அன்று மரத்தில் பறவை நிஜமாகவே இருந்தது. அதற்கடுத்த நாள் புரூஸ் பே கரையில் நின்றோம். கூழாங்கல்லும் அலையும்தான். பறவை உட்கார ஒரு குச்சிகூடக் கிடையாது.

"கேக்குதா, கெல்வின்?"

"ம்... கேக்குது. இன்னிக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியிருக்கு போல."

பெட்டி அவரோடு போயிற்று. அதற்கு மறுநாளும் அதே கரை, அதே கேள்வி, அதே தலையாட்டல். மனிதர் அத்தோடு நின்றாரா? நையரியின் வேனுக்குப் போய், காட்டுப் பறவை கடற்கரைக்கு இறங்கியிருக்கிறது, இந்த நாட்டிலேயே இதைக் கேட்ட முதல் ஆள் நான்தான் என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தார். நையரி என்னைப் பார்த்தாள். நான் பொடிமீன் அடையைத் திருப்பிப் போட்டேன். சிரிப்பை அடக்கும் கலையில் கான்வென்ட்டில் எனக்கு நிகர் கிடையாது.

மூன்று நாள் பெட்டி தூக்கியது போதும் என்றோ என்னவோ, அடுத்த நாள் காலை காலுறை டிராயர் திறந்து கிடந்தது. வேனுக்குள் டோஸ்ட் கடித்துக்கொண்டிருந்த கெல்வின் திடுக்கிட்டு நிறுத்தினார். மறுபடி கடித்தார். மறுபடி திடுக்கிட்டார். பிறகு குளிர்ப்பெட்டியை முறைத்தார்.

"இது இப்படியா இரையும்?"

"எப்பவும் அப்படித்தான்."

விருட்டென்று வெளியே போனார். கடலைப் பார்த்து ஒரு அடி பின்வாங்கினார். வலப்பக்கம் காதைக் காட்டினார், இடப்பக்கம் காட்டினார். தேர்தலில் ஜெயித்தவர்போலத் திரும்பி வந்தார்.

"பெர்னி! இங்க எதுவும் கத்தல! ஒண்ணுமே கத்தல!"

"அப்படியா? உனக்கு எப்படித் தெரியும்?"

 கெல்வினின் கை தானாகக் காதிலிருந்த கருவிக்குப் போனது. 

"நேத்து மட்டும் கணீர்னு கேட்டுச்சே?" என்றேன். "நையரிகிட்டக் கூடச் சொன்னியே?"

"நீ பொய் சொல்லியிருக்க!"

"நான் என்ன சொன்னேன்? 'கேக்குதா'ன்னு கேட்டேன். கேக்குதுன்னது யாரு?"

பொய் சொன்னால் நரகம் என்றுதான் சிஸ்டர் பெனிக்னஸ் எங்களுக்குச் சொல்லியிருந்தார். கேள்வி கேட்டால் என்ன என்று அவர் சொல்லவே இல்லை.

அரை மணி நேரம் முறைத்துக்கொண்டிருந்தார். ஆனால் கருவியைக் கழற்றவில்லை. கழற்றினால் மறுபடி நான் 'கேக்குதா' என்று கேட்பேனே! ஒகாரிட்டோ போகும் வழியில் பின்னால் வந்த லாரிக்குத் தானே ஒதுங்கி வழிவிட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒரு ஜெனரலுக்குப் போர்க்களத்தைத் திரும்பிப் பார்க்கும்போது இருக்கும் பெருமை என் முகத்தில் இருந்தது. அது அவருக்குத் தெரியவேண்டாம்.

ஒகாரிட்டோவில் காட்டை ஒட்டி வேனை நிறுத்தினோம். மறுநாள் விடிகிற நேரத்தில் கதவைத் திறந்தால், கெல்வின் பைஜாமாவோடு மரத்தடியில் அசையாமல் நிற்கிறார். தலைக்கு மேலே 'ஸிப், ஸிப்'. நிஜம். அவர் கண் பளபளவென்று இருந்தது. எத்தனை வருஷமாகத் தொலைத்த சத்தமோ. முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே, நல்ல ஆளைத்தான் கட்டியிருக்கிறோம் என்று தோன்றிவிட்டது.

அந்த எண்ணம் ஒரு நிமிஷம் இருந்தது.

"ரைபிள்மேன்!" என்று துள்ளி வந்தார். "நான்தான் முதல்ல! நீ தூங்கிட்டு இருந்த! பெட்டி உன்னுது, பெர்னி. இனிமே இந்தக் காதை ஒருத்தரும் ஜெயிக்க முடியாது!"

"ரொம்ப சந்தோஷம். நாள் எப்ப ஆரம்பிக்குது, கெல்வின்?"

"நடுராத்திரிக்கு. நான் போட்ட சட்டமாச்சே!"

"அதான் கேக்குறேன். அதுக்கப்புறம், விடியறதுக்கு முன்னாடி, நம்ம ஜன்னல்கிட்டயே கிவிப் பறவை கூவிச்சே. நையரி வேன்ல விளக்கெல்லாம் போட்டு எழுந்து உக்காந்துட்டாங்க."

"கிவியா? ஜன்னல்கிட்டயா?" அவர் முகம் விழுந்தது. "எனக்கு ஏன் கேக்கல?"

பெட்டியை உருவி அவர் கையில் கொடுத்தேன்.

"கழட்டி வெச்சுட்டுல்ல தூங்குன!"