ஆறாத பெட்டி

பெட்டியின் மேல் கையை வைத்த பல் டாக்டர் “ஆ!” என்று அலறினார்.

இருபது வருஷமாக மற்றவர்களை “ஆ” சொல்லவைத்தே பிழைப்பு நடத்துகிறவர். இப்போது அவரே சொல்லும்படி ஆகிவிட்டது.

கட்டிலில் இருந்த மாமனார் ஹெட்போனைக் கழற்றினார். துண்டை உதறி மடித்துக்கொண்டே கேட்டார்.

“நல்ல சூடு, இல்லே மாப்ளே?”

“கொதிக்குது மாமா!”

“ஆமா. ஏழு மணிக்குப் போட்டா எட்டுக்கெல்லாம் தகதகன்னு ஆயிடுது.”

மாமனார் பண்பானவர். குறையைக்கூட முகம் மலரத்தான் சொல்லுவார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். அந்தப் பெருந்தன்மைதான் அவரைப் பெட்டியைவிட அதிகமாகச் சுட்டது.

பெட்டி, டாக்டரே கைப்படச் செய்த ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர். மாமனாருக்குக் காது மந்தம். அவர் டிவி பார்த்தால் தெருவே சேர்ந்து கதை கேட்கும். பக்கத்து அறையில் டாக்டரின் மனைவி தினமும் மாலை ஏழிலிருந்து ஒன்பதுவரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துவாள். போன மாதம் ஒரு மாணவி பாடத்தின் நடுவே, “மிஸ், கடைசியில அந்த மாமியாருக்கு உண்மை தெரிஞ்சுதா இல்லையா?” என்று சந்தேகம் கேட்டாள். அன்றைக்கே மாமனார், “நான் பெரியவ வீட்டுக்கே போயிடறேன்மா” என்று சொல்லிவிட்டார்.

அவர் போவதில் டாக்டருக்குத் துளியும் சம்மதமில்லை; அவரை நிறுத்திவைக்கத்தான் இந்தப் பெட்டியைச் செய்தார். டாக்டரின் ஜோக்குகளுக்கு வயிறு குலுங்கச் சிரிக்கிற ஒரே ஆள் மாமனார்தான். பாதி காதில் விழாமலே சிரிப்பார். அதுவும் போயும் போயும் சகலை வீட்டுக்கு! சகலை எதையும் கடையில்தான் வாங்குவார். வாங்கியதும் விலையைச் சொல்லுவார்.

“இதோ பாருங்க,” என்றாள் மனைவி. “அக்கா வீட்டுக்காரர் ஞாயித்துக்கிழமை வர்றாராம். கடையில புதுப் பெட்டி வாங்கி வெச்சிருக்காராம், சூடே ஆகாதாம். அதையும் கொண்டுவந்து காட்டி, அப்பாவையும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்றார்.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தப் பெட்டியை ஐஸ் மாதிரி ஆக்கலேன்னா நான் டாக்டரே இல்லே!”

“நீங்க பல் டாக்டர்தானே?”

“எதுவானாலும் வேர்லதான் இருக்கு பிரச்சினை.”

பெட்டியைக் கீழே கிளினிக்குக்குத் தூக்கிப் போனார். மூடியைத் திறந்து, முன்னால் இருந்த இரண்டு டிரான்சிஸ்டர்களை உற்றுப் பார்த்தார். சூடெல்லாம் அவற்றிலிருந்துதான் கிளம்புகிறது. அந்தச் சூட்டை வெளியே இழுத்துவிட ஒரு நல்ல அலுமினியத் துண்டை எடுத்து, இரண்டையும் அதன்மேல் ஒன்றாக வைத்து முறுக்கினார்.

மறுநாள் மாலை மாடியில் சுவிட்சைப் போட்டதும் ‘டப்’ என்றது. வீடு முழுக்க இருட்டு. இரண்டு டிரான்சிஸ்டருக்கும் நடுவே மின்சாரம் கடக்காமல் தடுக்க மைக்கா தகடு வைக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாடம் பாதியில் அறுந்துபோன மனைவி இருட்டிலேயே முறைப்பது தெரிந்தது.

“மாப்ளே!” என்று உள்ளேயிருந்து மாமனாரின் குரல் வந்தது. “சத்தம் சுத்தமா நின்னுபோச்சு! வெற்றிதான்!”

புது டிரான்சிஸ்டர்களுக்கு மைக்கா வைத்தாகிவிட்டது. அடுத்து, சூடு அலுமினியத்துக்குச் சரியாக இறங்குவதற்கு ஒரு வெள்ளைப் பசை தடவ வேண்டும். கடை பூட்டியிருந்தது. டாக்டர் யோசித்தார். அந்தப் பசையில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. பல் குழியைத் தற்காலிகமாக அடைக்க அவர் தினமும் குழைக்கும் பசையிலும் அதே துத்தநாக ஆக்சைடுதான். கிராம்பு எண்ணெய் மட்டும் கூடுதல். கூடுதலாக இருந்தால் நல்லதுதானே?

நன்றாகக் குழைத்துப் பூசினார். அடுத்த நாள் ஒன்பது மணிக்கு மாடி ஏறினால் வீடே கிளினிக் மாதிரி மணந்தது. பெட்டி முன்னைவிடக் கொதித்தது.

“வாசனையும் சேர்த்துட்டீங்களே மாப்ளே,” என்று மாமனார் பாராட்டினார். “எனக்குக் கடைவாய்ப் பல்லு குடைஞ்சுக்கிட்டிருந்தது, அதுகூட மட்டுப்பட்டிருக்கு.”

பசை கல்லாக இறுகியிருந்தது. டிரான்சிஸ்டரைக் கழற்ற முடியவில்லை. டாக்டர் அதை நோயாளி நாற்காலியில் சாய்த்து, விளக்கைத் திருப்பி, பல் துளைக்கும் கருவியால் சுற்றிலும் குடைந்தார். பழக்கதோஷத்தில், “கொஞ்சம் பொறுத்துக்கோங்க, வலிக்காது” என்று அதனிடம் சொல்லவும் செய்தார். வெளியே காத்திருந்த ஒருவர் அதைக் கேட்டு எட்டிப் பார்த்தார். நாற்காலியில் ஆளில்லாததைக் கண்டு, நாளைக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரியான பசை வாங்கிப் போட்டார். கிளினிக் மேசைமேல் வைத்து மூன்று மணி நேரம் ஓட்டிப் பார்த்தார். இளஞ்சூடுதான்! தெர்மாமீட்டரை வைத்து மூன்று தடவை சரிபார்த்தார். காய்ச்சல்காரனே இதைவிடச் சுடுவான் என்று தோன்றியது.

ஆனால் மறுநாள் மாடியிலிருந்து அதே பதில்தான் வந்தது.

“இன்னிக்கும் குறையே இல்லாத சூடு மாப்ளே!”

தொட்டுப் பார்த்தார். விரல் பழுத்துவிட்டது. கீழே இளஞ்சூடு, மேலே கொதிப்பு. கிளினிக்குக்கு வந்ததும் வலி மறைந்து, வீட்டுக்குப் போனதும் திரும்ப வருகிற கேஸ் இது. இந்த மாதிரி கேஸை டாக்டர் தன் வாழ்க்கையில் விட்டதே இல்லை.

“மாடியில காத்தோட்டம் இல்லே, அதான்!” என்று முடிவு கட்டி, பெட்டியின் முதுகில் ஒரு குட்டி விசிறியை வைத்தார்.

வெள்ளிக்கிழமை பெட்டி லேசாகத்தான் சுட்டது. ஆனால் மாமனாரின் முகம் வாடியிருந்தது. எழுந்தபோது கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“என்ன மாமா, கேக்கலியா?”

“கேக்குது. ஆனா எல்லா சீரியல்லயும் மழை பெய்யுது. கல்யாண மண்டபத்துக்குள்ளகூடப் பெய்யுது.”

விசிறியின் இரைச்சல் ஹெட்போனுக்குள் இறங்கிவிட்டிருந்தது. விசிறியும் சரியாகச் சுற்றவில்லை. டாக்டர் இடுக்கியால் பிடித்து இழுத்தார். தண்டில் வெள்ளை நூல் ஒன்று முழ நீளத்துக்குச் சுற்றியிருந்தது. திரைச்சீலை நூலாக இருக்கும் என்று தூக்கிப் போட்டார்.

அன்றைக்கு மாமனார் சாப்பிடும்போது மகளிடம், “ஞாயித்துக்கிழமை பெரிய மாப்ளையோடயே கிளம்பிடறேன்மா. இவருக்கும் பாவம், எவ்வளவு அலைச்சல்!” என்றார். மனைவி சாதத்தைப் பிசைந்தபடியே இருந்தாள்.

சனிக்கிழமை கிளினிக் வாசலில் ‘இன்று விடுமுறை’ பலகை தொங்கியது. டாக்டர் விசிறியைப் பிடுங்கி எறிந்தார். பழைய கம்ப்யூட்டர் ஒன்றின் வயிற்றைக் கிழித்து, சீப்பு சீப்பாகப் பற்கள் வைத்த ஒரு பெரிய அலுமினியக் கட்டியை எடுத்துப் பொருத்தினார். டிரான்சிஸ்டருக்குள் ஓடும் மின்சாரத்தையும் திருகாணியைத் திருப்பித் திருப்பிக் குறைத்தார். பெட்டியின் நான்கு பக்கமும் துளைகள் போட்டார். விரல்களில் ஆறு கொப்புளம். “இது ஆறாம நான் ஆறமாட்டேன்!” என்று கத்திக்கொண்டே வேலை பார்த்தார். பொழுது சாய்வதற்குள் பெட்டி குளிர்ந்துவிட்டது. கன்னத்தை வைத்துப் பார்த்தார். தண்ணீர்ப் பானை கெட்டது போங்கள்.

அன்று மாலை மாமனார் டிவி போடவில்லை. கால் கடுக்கிறது என்று பொழுதோடு படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு சகலை வந்தார். பளபளக்கும் பெட்டியை மேசைமேல் வைத்து, முதலில் விலையைச் சொன்னார்.

“நாள் பூரா ஓட்டுங்க சகலை, சூடே ஆகாது!”

“நம்மளது மட்டும் என்னவாம்? தொட்டுப் பாருங்க!” என்று டாக்டர் தன் பெட்டியை முன்னால் தள்ளினார். இரண்டும் அரை மணி நேரமாக ஓடிக்கொண்டிருந்தன. சகலை தொட்டார். அவர் புருவம் உயர்ந்ததைப் பார்த்து டாக்டருக்கு வாரம் முழுக்கப் பட்ட பாடு மறந்துபோனது.

“மாமா, நீங்களே சொல்லுங்க. எது வேணும்?”

மாமனார் நொண்டி நொண்டி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு ஹெட்போனையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டார். பிறகு சகலையின் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தார். டாக்டரின் பெட்டிமேலும் வைத்தார். நீண்ட பெருமூச்சு விட்டார்.

“என்னோட பையை எடுத்து வைம்மா,” என்றார் மகளிடம்.

டாக்டர் இடிந்துபோனார். “இன்னும் என்ன குறை மாமா? எதுவானாலும் சொல்லுங்க, இப்பவே பிரிச்சுச் சரி பண்ணிடறேன்!”

மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து, வலிக்கிற முழங்காலின் மேல் போட்டுத் தடவிக்கொண்டார்.

“டிவி எந்தப் பெட்டியிலயும் கேக்கும் மாப்ளே, ஆனா தினமும் உங்க பெட்டியை இந்தத் துண்டுல இறுக்கிச் சுத்தி முட்டியில கட்டிக்கிட்டு உக்காந்தா வலியே தெரியாது, அந்த அருமையான சூட்டைப் போய் எதுக்கு அணைச்சீங்க?”