யானைக்கு இரண்டு கட்டம்

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, உங்கள் மூத்த மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கள் மகளும் நலம், என்னோடு பேசுவதில்லை என்பதைத் தவிர.

நீங்கள் சிபாரிசு செய்து வாங்கித் தந்த வேலை போகப் போகிறது என்று அவள் போனில் அழுதிருப்பாள். போகாது மாமா. பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன். எங்கள் மிருகக்காட்சிசாலையின் தீனி அட்டவணை எக்ஸ்எம்எல் என்ற கணினிக் கோப்பாக இருக்கிறது. எதை எங்கே காட்டுவது என்று சொல்லும் ஸ்டைல்ஷீட்டை அதற்கு எழுதினால் அது இணையப் பக்கமாக மாறிவிடும். போனில் பார்ப்பவர்களுக்காக ஒவ்வொரு கட்டத்தையும் அதன் தலைப்போடு சேர்த்துக் காட்ட வேண்டும். மேல் வரிசையில் யானை, புலி, மான், குரங்கு, கீழே தீனி. முதல் கட்டத்துக்கு முதல் தலைப்பு, இரண்டாவதற்கு இரண்டாவது, இதில் என்ன பெரிய வித்தை என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்புவதற்குள் மானம் கப்பலேறிவிட்டது. இணையப் பக்கத்தில் புலி தழை தின்கிறது, மான் இறைச்சி தின்கிறது, குரங்கு புல் மேய்கிறது, வாழைப்பழம் கேட்பாரற்று நிற்கிறது. புலியைப் பராமரிப்பவர் என்னை அடிக்காத குறை. இயக்குநர் அறைக்குக் கூப்பிட்டு, "உங்க மாமனார் முகத்துக்காகப் பாக்கறேன். சாயங்காலத்துக்குள்ள புலி கறி தின்னணும். இல்லன்னா நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

சாப்பிடாமல் அட்டவணையையே முறைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. யானை என்ற தலைப்பு ஒன்றுதான், ஆனால் பெரிய யானைக்கு ஒன்று, குட்டிக்கு ஒன்று என இரண்டு கட்டத்தின்மேல் அது படுத்திருக்கிறது, பஸ்ஸில் ஒரே டிக்கெட்டில் இரண்டு சீட்டைப் பிடிப்பவர்கள் மாதிரி. நான் தலைப்புகளை எண்ணினேனே தவிர, அவை பிடித்த இடத்தை எண்ணவில்லை. குட்டியின் தழை புலி தலையில் விழுந்து, பிறகு எல்லாமே ஒரு கட்டம் நகர்ந்துவிட்டது. இப்போது ஒவ்வொரு தலைப்பும் எத்தனை கட்டம் பிடிக்கிறது என்று கூட்டிக்கொண்டே போய், கட்டம் யாருக்குக் கீழே வருகிறதோ அவர் பெயரைக் கொடுக்கும்படி மாற்றிவிட்டேன். புலி கறி தின்கிறது மாமா. உங்கள் மானமும் தப்பியது.

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? இருவரும் எங்களை ஆசீர்வதிக்கவும்.

உங்கள் அன்புள்ள மாப்பிள்ளை.

பி.கு.: உறையை ஒட்டும்போது இயக்குநர் ஓடி வந்தார். தழை தின்னும் புலியைப் பார்க்க வாசலில் என்றுமில்லாத கூட்டமாம். "அந்தப் பழைய பக்கத்தையே போடுங்க. புலி எங்க தழை தின்னுதுன்னு யாராவது கேட்டா, இப்பத்தான் தின்னு முடிச்சுதுன்னு சொல்லிக்கலாம்" என்று என்னை அங்கேயே நிரந்தரமாக்கிவிட்டார். தப்பாக எழுதிக்கொண்டிருக்கும்வரை வேலைக்கு ஆபத்தில்லை. ஞாபக மறதியில் சரியாக எழுதிவிடக் கூடாதே என்பதுதான் இனி என் கவலை.